சிலி நாட்டவரின் செப்டம்பர் விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது, எதற்குத் தயாராகப் போவது?

நீங்கள் கேட்டது இது: மேற்கு சிட்னியில் குடியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு சிலி குடும்பம் செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் தங்கள் சங்கம் நடத்தும் ‘சுதந்திர தின’ விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. முதல் நாள் சமையலுக்குக் கை கொடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். அதே ஊர்க்காரர்கள் 11ஆம் தேதி மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு கூட்டம் நடத்துகிறார்களே, அது என்ன என்று நீங்கள் விசாரித்ததும் அந்த அம்மா பேச்சை மாற்றிவிட்டார். உங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. போகலாமா, என்ன கொண்டுபோவது என்பது மேலோட்டமான கேள்வி. எங்கே தெரியாமல் காலை வைத்துவிடுவோமோ என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று படிக்கும்போது தோன்றியது. இதுபோன்ற சமூக விழாக்களின் சமையலறை, மேடை ஏற்பாடுகள் என் வேலையின் பகுதி. அதை வைத்துச் சொல்கிறேன். சங்கத்துக்குச் சங்கம் வழக்கம் மாறும், எனவே நிகழ்ச்சி நிரலை மட்டும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி. செப்டம்பர் 18ஐ அவர்கள் ‘எல் தியெசியோச்சோ’, அதாவது ‘பதினெட்டு’ என்றே சொல்வார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது சுதந்திரம் அறிவித்த நாள் அல்ல. 1810 செப்டம்பர் 18இல் சாந்தியாகோவில் மத்தேயோ தே தோரோ இ சம்பிரானோ தலைமையில் முதல் ஆட்சிக்குழு அமைந்தது. ஸ்பெயின் அரசர் நெப்போலியனிடம் சிறைப்பட்டிருந்த நேரம், அரசர் பெயரைச் சொல்லியே அந்தக் குழு அமைந்தது. முறையான சுதந்திரப் பிரகடனம் 1818 பிப்ரவரி 12இல்தான் வந்தது. ஆனாலும் கொண்டாட்டம் முழுவதும் செப்டம்பருக்கே போய்விட்டது. 18ஆம் தேதியோடு 19ஆம் தேதியும் அங்கே விடுமுறை. 19 ராணுவத்தின் நாள், சாந்தியாகோவின் ஓஹிகின்ஸ் பூங்காவில் பெரிய அணிவகுப்பு நடக்கும். வெளிநாட்டுச் சங்கங்கள் பெரும்பாலும் 18ஐ ஒட்டிய சனி, ஞாயிறில் விழாவை வைத்துக்கொள்வார்கள். 19ஆம் தேதியை யாரும் பெரிதாகத் தூக்கிப்பிடிப்பதில்லை. காரணம் அடுத்த பத்தியில் புரியும்.

1973 செப்டம்பர் 11இல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அதிபர் சல்வதோர் அயெந்தே அன்றே இறந்தார். ஜெனரல் பினோசேயின் ஆட்சி 1990 மார்ச் வரை நீடித்தது. அரசு அமைத்த விசாரணைக் குழுக்களின் கணக்கிலேயே கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் 3 ஆயிரத்துக்கும் மேல். நாட்டை விட்டுப் போனவர்கள் சுமார் 2 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதைத் துல்லியமான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் அரசியல் காரணத்துக்காகப் போனவரையும் வேலையில்லாமல் போனவரையும் பிரித்து எண்ணுவது எளிதல்ல. ஸ்வீடன், கனடா, பிரான்ஸ், மெக்சிகோ, வெனிசுவேலா என்று சிதறினார்கள். ஒரு பகுதியினர் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். 11ஆம் தேதிக் கூட்டம் அந்த நாளின் நினைவுக்கூட்டம். காணாமல் போனவர்களின் படங்களை நெஞ்சில் குத்திக்கொண்டு ‘எங்கே அவர்கள்?’ என்று எழுதிய பதாகையுடன் நிற்பார்கள். அந்தப் படங்கள் எதற்கு என்று நம்மில் பலருக்கு விளக்கவே தேவையில்லை.

சிட்னியில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இங்கே வந்த சிலி நாட்டவர் எல்லோரும் 1973க்குப் பிறகு வந்த அகதிகள் அல்லர். 1970இல் அயெந்தே தேர்தலில் வென்றதும் சோஷலிச ஆட்சிக்கு அஞ்சிக் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசு பயணச் செலவுக்கு உதவிய திட்டத்தில் வேலை தேடி வந்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு கவிழ்ப்பில் அடிபட்டவர்கள் வந்தார்கள், 1980களின் பொருளாதார நெருக்கடியில் இன்னும் பலர் வந்தார்கள். இப்போது படிப்பு விசாவில் வந்த இளைஞர்கள் வேறு. மேற்கு சிட்னியின் ஃபேர்ஃபீல்டு, லிவர்பூல் பக்கத்தில் ஒரே தெருவில் இரண்டு எதிரெதிர் அணிகளின் பேரப்பிள்ளைகள் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். 11ஆம் தேதிக் கூட்டத்துக்கு ஒருவர் போகவில்லை என்றால் அவர் அந்தப் பக்கம் என்று முடிவுகட்டாதீர்கள். கட்சி காரணமாகப் போகாதவரும் உண்டு, சொந்த அண்ணனை இழந்து அந்த நாளில் வெளியே தலைகாட்ட முடியாதவரும் உண்டு. அந்த அம்மா பேச்சை மாற்றியதற்கு இதில் எது காரணம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அவராகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகக் கிளறாதீர்கள். “எந்த வருஷம் வந்தீர்கள்?” என்ற கேள்வி நமக்குச் சாதாரணம், அவர்களிடம் அது “எந்தக் கட்சி?” என்று கேட்பதற்குச் சமம்.

18ஆம் தேதி விழாவிலும் இந்தப் பிளவு மெல்லத் தலைகாட்டும். தேசிய கீதத்தில் இன்று பாடுவது ஐந்தாம் சரணமும் பல்லவியும் மட்டுமே. பினோசே ஆட்சியில் ‘வீரமிக்க சிப்பாய்களே’ என்று ராணுவத்தை விளிக்கும் மூன்றாம் சரணத்தையும் சேர்த்துப் பாட வைத்தார்கள். யாராவது பழக்கதோஷத்தில் அதை எடுத்துவிட்டால் அரங்கில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள், சிலர் எழுந்தே போவார்கள். விவரம் தெரிந்த ஏற்பாட்டாளர் ஒலிநாடாவில் எந்தச் சரணத்தோடு நிறுத்துவது என்பதை முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பார். நீங்கள் செய்ய வேண்டியது எழுந்து நிற்பது மட்டும்தான்.

‘பேன்யா’ என்று தனியாக ஒரு மாலை நிகழ்ச்சிக்கும் பின்னாளில் கூப்பிடுவார்கள். சின்ன இடம், கிட்டார், சிவப்பு ஒயின், எம்பனாடா (பூரணம் வைத்து மடித்துச் சுட்ட மாவுப் பண்டம்), பாட்டு, அவ்வளவுதான். 1965இல் சாந்தியாகோவில் இசபெல் பாரா, ஆங்கெல் பாரா என்ற அக்கா தம்பி தொடங்கிய இடம் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. 1973க்குப் பின் அகதிகள் போன ஊர்களிலெல்லாம் பேன்யா நிதி திரட்டும் வழியாக மாறியது. கவிழ்ப்பு நடந்தபோது இந்தி-இயிமானி என்ற சிலி இசைக்குழு ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. திரும்ப முடியாமல் இத்தாலியில் தங்கிவிட்டது. தடை நீங்கி அவர்கள் நாடு திரும்பிய நாள் 1988 செப்டம்பர் 18. கொண்டாட்டத் தேதியும் துக்கத் தேதியும் ஒரு வார இடைவெளியில் வருவதால் இவர்களுடைய செப்டம்பர் ஒருபோதும் வெறும் கேளிக்கையாக இருப்பதில்லை.

இனி சமையலறை. முதல் நாள் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் அதை உதவி கேட்டதாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் வரும் கூட்டத்தில் நீங்கள் விருந்தாளி. முதல் நாள் மாவு உருட்டும் மேசையில் உட்கார்ந்தவர்தான் வேண்டியவர். முடிந்தால் அதற்குப் போங்கள்.

அங்கே செய்வது ‘எம்பனாடா தே பீனோ’. பீனோ என்பது உள்ளே வைக்கும் மாட்டிறைச்சி, வெங்காயப் பூரணம். 150 பேர் விழாவுக்கு ஆளுக்கு ஒன்றரை என்று வைத்தாலும் சுமார் 230 வேண்டும், வழக்கமாக 250 செய்வார்கள். 1 கிலோ மைதாவுக்கு 200 கிராம் பன்றிக்கொழுப்பு, உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் 400 மில்லி அளவு. அதில் கையகல வட்டங்கள் 15 வரும். அப்படியானால் 250க்கு 17 கிலோ மாவு, மூன்றரை கிலோ கொழுப்பு. வெங்காயமும் 17 கிலோவுக்குக் குறையாது, இறைச்சி 12 அல்லது 13 கிலோ. வெங்காயம் எடையில் இறைச்சிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். இறைச்சி அதிகமானால் பூரணம் வறண்டு போகும், சாறு வெங்காயத்திலிருந்துதான் வருகிறது. முட்டை ஒன்றை நான்காக வெட்டுவதால் 63 முட்டை. ஆலிவ் 250. உலர்திராட்சை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று. போடலாமா கூடாதா என்பதில் அவர்களுக்குள்ளேயே தீராத சண்டை, அதில் கருத்துச் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

இறைச்சியைச் சீரகம், பாப்ரிகா, ஓரிகானோ சேர்த்து வதக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைக் கொட்டி, மெல்லிய தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவிடுவார்கள். இதை முதல் நாளே செய்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவு முழுக்கக் குளிரில் இருந்தால் கொழுப்பும் சாறும் உறைந்து கெட்டிப்படும். மறுநாள் கரண்டியால் வெட்டி எடுத்து வைக்கலாம், அடுப்பில் மறுபடி இளகிச் சாறாகும். சூடான பூரணத்தை வைத்தால் மாவிலுள்ள கொழுப்பு இளகி, அடிப்பக்கம் ஈரமாகி, தட்டில் ஒட்டிக் கிழியும். பொதுவாக எம்பனாடா ஒழுகுவதற்கு மூன்று காரணங்கள்தான்: பூரணம் ஆறவில்லை, அளவுக்கு மேல் திணித்துவிட்டார்கள், அல்லது விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டு ஒட்டவில்லை. விளிம்பைத் தண்ணீர் தொட்டுத் தடவி, அரைவட்டமாக மடித்து அழுத்தி, வளைந்த ஓரத்தை மூன்று பக்கமாக உள்ளே மடிப்பார்கள். அடுப்பில் வைப்பதற்கு முன் மேலே முட்டை பூசி, பல்குச்சியால் ஒரு துளை. துளை இல்லாவிட்டால் நீராவி மடிப்பைப் பிளந்துகொண்டு வரும். 200 முதல் 220 டிகிரியில் சுமார் அரை மணி நேரம்.

பெரிய அளவில் செய்யும்போது கெட்டுப்போவது ருசியல்ல, நேரக்கணக்கு. வீட்டு அடுப்பில் இரண்டு தட்டில் ஒரு ஈட்டுக்கு 16 வேகும். 250க்கு 16 ஈடு, அதாவது எட்டு மணி நேரம். அதனால் மூன்று நான்கு வீடுகளில் பிரித்துச் சுடுவார்கள், இல்லையேல் ஒரு பேக்கரியை இரவில் வாடகைக்கு எடுப்பார்கள். இரண்டாவது ஆபத்து பூரணத்தை ஆற வைப்பதில். 25 கிலோ பூரணத்தை ஒரே அண்டாவோடு குளிர்பதனப் பெட்டியில் தள்ளினால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி வளர அதுவே போதும். ஆஸ்திரேலிய உணவு விதிப்படி சமைத்த பண்டம் இரண்டு மணி நேரத்துக்குள் 60 டிகிரியிலிருந்து 21க்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5க்கும் இறங்க வேண்டும். 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பினால் இது நடக்கும். அன்னதானச் சமையல் பார்த்துப் பழகியவர் நீங்கள் என்றால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அங்கே எடுத்துச் சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மாட்டிறைச்சி தொடாமல் வேலை செய்ய முடியுமா என்றால், தாராளமாக. மாவு பிசைவதும் வட்டம் தேய்ப்பதும் பன்றிக்கொழுப்போடு சம்பந்தப்பட்டது, அதுவும் வேண்டாம் என்றால் முட்டை உரிப்பது, வெங்காயம் நறுக்குவது, ‘பெபிரே’ செய்வது இருக்கிறது. பெபிரே என்பது தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, மிளகாய், எண்ணெய், வினிகர் சேர்த்த ஒரு பச்சைத் தொக்கு. அவர்கள் சமையல் காரமில்லாதது. நம் கை அளவில் மிளகாய் போட்டுவிடாதீர்கள், 2 கிலோ தக்காளிக்கு நாலைந்து மிளகாயே அங்கே காரம்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை. ‘சோபைபீயா’ என்று பரங்கிக்காய் சேர்த்த வட்ட மாவுப் பலகாரம் எண்ணெயில் பொரித்து வரும். பார்க்கச் சைவம், ஆனால் மாவில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு இருக்கும். சீஸ் எம்பனாடாவும் அப்படியே. ‘மந்தேக்கா’, அதாவது பன்றிக்கொழுப்பு, போட்டிருக்கிறதா என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். “மீட் இல்லை” என்று மட்டும் சொன்னால் கோழியும் கொழுப்பும் அதில் அடங்காது என்று நினைப்பவர்கள் உண்டு. தக்காளி வெங்காய சாலட், பெபிரே ஆகியவற்றில் பயமில்லை. ரொட்டியிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். எம்பனாடாவிலிருக்கும் ஆலிவ் கொட்டையோடுதான் வரும், சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

குடிப்பதற்கு ‘மோத்தே கோன் வெசீயோ’ தேடுங்கள். உலர்ந்த பீச் பழத்தை இரவு ஊறவைத்து, சர்க்கரை, பட்டை சேர்த்து வேகவைத்து, தனியாக வேகவைத்த தோல் நீக்கிய கோதுமையோடு குளிரக் குளிரக் கோப்பையில் தருவது. அரைக்கிலோ பழத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சரியாக இருக்கும். சிட்னியில் அவர்கள் அலைவது இந்தக் கோதுமைக்குத்தான், கிடைக்காமல் பார்லியைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். இந்தியக் கடைகளில் பாயசத்துக்கு விற்கும் தோல் நீக்கிய முழுக் கோதுமை இதற்கு அச்சாகப் பொருந்தும். என்ன கொண்டுபோவது என்று கேட்டீர்களே, அதில் இரண்டு கிலோ வாங்கி முன்னமே கொடுத்துவிடுங்கள். இதோடு குழம்பிப்போகாமல் இருக்க வேண்டியது ‘தெர்ரெமோத்தோ’. அன்னாசி ஐஸ்கிரீம் மிதக்க, அடியில் சிவப்புச் சாறு தெரிய, குழந்தைகள் பானம்போல இருக்கும். உள்ளே இருப்பது இனிப்பான வெள்ளை ஒயின். பெயருக்கு நிலநடுக்கம் என்று பொருள். 1985 நிலநடுக்கத்தின்போது சாந்தியாகோவில் பிறந்தது என்று சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் நான் அதைச் சத்தியம் செய்ய மாட்டேன்.

வேறொரு கூட்டத்துக்கு அழைத்து அது ‘மலோன்’ என்றால் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்து. ‘கொம்ப்ளெத்தாதா’ என்றால் அவகாடோ, தக்காளி, மயோனைஸ் குவித்த ஹாட் டாக் விற்று யாருக்காகவோ பணம் திரட்டுகிறார்கள், பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கு. அங்கே உணவு கொண்டுபோகக் கூடாது, வாங்கிச் சாப்பிட வேண்டும். செப்டம்பர் விழா இரண்டுக்கும் நடுவில்: நுழைவுச்சீட்டு உண்டு, உணவு விற்பனைக்கு, குலுக்கல் சீட்டோடு ஒருவர் மேசை மேசையாக வருவார். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நடனம் ‘குவெக்கா’. 1979இல் அரசாணை மூலம் தேசிய நடனமாக்கப்பட்டது. ஆணை பிறப்பித்தது பினோசே அரசு என்பதால் ஒரு காலத்தில் அகதிகள் சிலர் அதை ஒதுக்கினார்கள். மறுபக்கம், காணாமல் போனவர்களின் மனைவிமார் 1978இல் அதையே துணையில்லாமல் தனியாக ஆடிப் போராட்டமாக்கினார்கள். அதற்குக் ‘குவெக்கா சோலா’ என்று பெயர். நிகழ்ச்சியில் ஒரு பெண் கருப்பும் வெள்ளையும் உடுத்தி, நெஞ்சில் படத்தோடு தனியாக மேடையேறினால் அது அதுதான். நடுவில் கைதட்டாதீர்கள்.

வழக்கமான குவெக்காவில் ஆணும் பெண்ணும் கைகோத்து ஒரு நடை நடந்து, பிறகு சற்றுத் தள்ளி எதிரெதிரே நிற்பார்கள். பாட்டு தொடங்கியதும் ஒரு சுற்று, பிறகு பிறைபோல அரைவட்டத்தில் இருவரும் பக்கவாட்டில் போய்வருவது, பாடகர் “வுவெல்த்தா!” என்று கத்தியதும் இடம் மாறுவது, தரையைத் துடைப்பதுபோல் பாதம் தேய்ப்பது, மறுபடி இடம் மாற்றம், கடைசியில் காலை ஓங்கித் தட்டுவது, முடியும் கணத்தில் கைகோத்து நிற்பது. ஒரு பாட்டு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மூன்று பாட்டு ஆடுவது மரபு. வலது கையில் வெள்ளைக் கைக்குட்டை, அதுதான் பேச்சு. தாளம் ஆறு சிற்றடிகளை மும்மூன்றாகவும் இரண்டிரண்டாகவும் மாற்றி மாற்றிப் பிரிப்பது, திஸ்ரம் பழகிய காதுக்குப் பிடிபடும். ஆனால் நாம் சமத்தில் கைதட்டினால் தாளம் தப்பும். ‘பந்தேரோ’ என்ற கஞ்சிரா போன்ற வாத்தியம் தட்டுபவரைப் பார்த்துத் தட்டுங்கள். உங்களை ஆடக் கூப்பிட்டால் முழுதாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இடம் மாறும் நேரத்தில் எதிராளிக்கு முதுகு காட்டாமல் முகம் பார்த்தே சுற்றினால் பாதி வந்துவிடும். குவெக்காவின் மூலம் பெருவிலா, ஸ்பெயினிலா, ஆப்பிரிக்க அடிமைகளிடமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. எவராவது உறுதியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பட்டம் உண்டு. தெற்கு அரைக்கோளம் என்பதால் சிலியைப் போலவே இங்கும் செப்டம்பர் வசந்தம், காற்று நன்றாக இருக்கும். ஸ்டாக்ஹோமிலும் மான்ட்ரியலிலும் அந்த வாரம் இலையுதிர்காலக் குளிரில் எல்லாம் அரங்குக்குள் சுருங்கிவிடும். சிட்னிக்காரர்களுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம். பட்டத்தை ‘வோலந்தீன்’ என்பார்கள், மெல்லிய தாளில் சதுரமாக, மிக இலேசாக இருக்கும். சிலியிலும் கண்ணாடித்தூள் பூசிய நூல் உயிர்களைப் பறித்துத் தடை செய்யப்பட்டது, சென்னையில் மாஞ்சா நூலுக்கு நடந்ததுபோலவே. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய உருளை எதையும் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். பருத்தி நூல் போதும்.